புல்தானே என்று சொல்லாதீர்!

“பசித்தாலும் புலி புல்லைத் தின்னாது” என்பது நம் நாட்டுப் பழமொழி. உடல் மெலிந்தவர் ஒருவர் வீரம் பேசினால் “புல் தடுக்கிப் பயில்வான்” என்று கேலி செய்கிறோம். ஒருவருடைய திறமையைப் புகழ வேண்டுமென்றாலும், உலகிலேயே அற்பமான பொருளைத் தேடிப் பிடித்து, “வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்” என்கிறோம். புல் என்றால் அற்பம் என்ற எண்ணம் நம் பேச்சிலேயே ஊறிக் கிடக்கிறது.

எங்களுக்கும் அந்த எண்ணமே இருந்தது. சென்ற ஜூலை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மாதா கெபியைச் சுற்றித் துப்புரவு செய்யும் முறை எங்கள் வகுப்புக்கு வந்தது. கோரை, அறுகு, இன்னும் பெயர் தெரியாத பலவற்றைக் கூடை கூடையாகப் பிடுங்கிக் குப்பைக் குழியில் கொட்டினோம். அவ்வழியே வந்த தாவரவியல் சிஸ்டர், “என்னம்மா பிடுங்கினீர்கள்?” என்று கேட்டார்கள். “ஒன்றுமில்லை சிஸ்டர், புல்தான்” என்றோம். “ஒன்றுமில்லையா, புல்லா? இரண்டில் எது, சரியாகச் சொல்லுங்கள்” என்றார்கள். எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. “கோரை புல் இனமே அல்ல. அதுவாவது தெரியுமா?” என்று அடுத்த கேள்வியும் வந்தது. அதுவும் எங்களுக்குத் தெரியாது.

மறுவாரம் தண்டனை போலவும் பரிசு போலவும் ஒரு வேலை கிடைத்தது. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஒரு கண்டத்தின் புல் ஒன்றைப் பற்றிப் படித்து எழுத வேண்டும் என்றார்கள். சீட்டுக் குலுக்கினோம். ஆசியக் குழுவுக்கு நெல் கிடைத்தது. ஆப்பிரிக்கக் குழுவுக்குச் சோளம் கிடைத்தது. வட அமெரிக்காவுக்கான எங்கள் சீட்டில் ‘லிட்டில் புளூஸ்டெம்’ என்று எழுதியிருந்தது. சோறும் ஆகாது, கூழும் ஆகாது, நாங்கள் கண்ணால் கண்டதும் கிடையாது. “நமக்கு மட்டும் வெறும் புல்லா?” என்று முணுமுணுத்துக்கொண்டே நூலகத்துக்குப் போனோம். அங்கே நாங்கள் கற்றதையே தோழியர்க்கும் பெற்றோர்க்கும் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

பெயரும் உருவமும்

‘லிட்டில் புளூஸ்டெம்’ என்றால் ‘சிறிய நீலத்தண்டு’ என்று பொருள். இக்கட்டுரையில் இதனை நாம் நீலத்தண்டுப் புல் என்றே அழைப்போம். இதன் தாவரவியல் பெயர் ஸ்கிசாகைரியம் ஸ்கோபேரியம். பெயரின் பிற்பாதி, இலத்தீன் மொழியில் துடைப்பத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இதன் படத்தைப் பார்த்தபோது அந்தப் பெயர் பொருத்தமே என்று தோன்றியது. துடைப்பத்தைத் தலைகீழாக மண்ணில் நட்டு வைத்தாற்போல ஒவ்வொரு குத்தும் நிமிர்ந்து நிற்கிறது.

இதன் உயரம் 2 அடி முதல் 4 அடி வரை. அறுகைப் போல் தரையில் ஓடிப் படர்வதில்லை. நெல்லைப் போல் தூர் கட்டிக் குத்துக் குத்தாக வளரும். குளிர் நீங்கி மண் சூடேறிய பிறகே தளிர்க்கும். அப்போது தண்டின் அடிப்பகுதி பச்சையில் நீலம் தோய்ந்து காணும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பூக்கும். இலையுதிர்காலம் வந்ததும் செடி முழுவதும் செம்பு நிறமாகிவிடும். கதிர்களில் வெண்பஞ்சு போன்ற மயிருடன் விதைகள் தோன்றும். உறைபனி கொட்டும் குளிர்காலத்திலும் அந்தச் செம்பு நிறம் மங்காமல் நிற்கும். நம் தமிழ்நாட்டுக்குச் செங்காந்தள் மாநில மலராக இருப்பதுபோல, அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலம் 1969-ஆம் ஆண்டிலும், கான்சாஸ் மாநிலம் 2010-ஆம் ஆண்டிலும் இதனைத் தங்கள் மாநிலப் புல்லாக ஏற்றுக்கொண்டன.

நம் வீட்டு உறவு

கண்ணால் காணாத இப்புல், உறவு முறையில் நமக்குப் புதிதன்று. புல் குடும்பத்துக்குள்ளே பல கிளைகள் உண்டு. அவற்றுள் ஒரு கிளையில் கரும்பு, சோளம், மக்காச்சோளம், எலுமிச்சைப்புல், வெட்டிவேர் ஆகியவை இருக்கின்றன. நீலத்தண்டுப் புல்லும் அதே கிளையைச் சேர்ந்தது. கடும் வெயிலிலும் குறைந்த நீரைக்கொண்டு உணவு தயாரிக்கும் சி-4 வகை ஒளிச்சேர்க்கை இவை அனைத்துக்கும் பொதுவானது.

இதைப் படித்ததும் எங்களுக்கு ஓர் ஆசை பிறந்தது. அமெரிக்கப் புல்லின் வேரைப் பார்க்க முடியாவிட்டாலும், அதன் உறவான வெட்டிவேரைப் பார்க்கலாமே! பள்ளித் தோட்டத்தின் மூலையில் பழைய வெட்டிவேர்க் குத்து ஒன்று நின்றது. சிஸ்டரிடம் அனுமதி பெற்று, தோட்டக்காரத் தாத்தாவிடம் மண்வெட்டியும் கடப்பாரையும் வாங்கிக்கொண்டு, குத்தின் ஓரமாகக் குழி தோண்டத் தொடங்கினோம். ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். மூன்று மாலைகள் தோண்டியும் வேரின் நுனி தென்படவில்லை. நான்கு அடி ஆழத்திலும் வேர்கள் நூல் நூலாகக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தன. “நீங்கள் வேரைத் தேடிப் பாதாளத்துக்கே போய்விடுவீர்கள் போலிருக்கிறதே, அம்மா” என்று தாத்தா சிரித்தார். சிறு பிள்ளைகள் யாரேனும் விழுந்துவிடுவார்கள் என்று தலைமைச் சகோதரி குழியை மூடச் சொல்லிவிட்டார்கள். கையில் கொப்புளத்தோடு குழியை மூடினோம். ஆனால் புத்தகம் சொன்னது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஜான் வீவர் என்ற தாவரவியல் அறிஞர் இருந்தார். அவர் புல்வெளிகளில் ஆளுயரப் பள்ளங்கள் தோண்டி, வேர்கள் போகும் வழியைப் பார்த்துப் படம் வரைந்து வைத்தார். நாங்கள் மூன்று நாளில் கைவிட்டதை அவர் பல ஆண்டுகள் செய்தார். மேலே மூன்றடி நிற்கும் நீலத்தண்டுப் புல்லுக்கு மண்ணுக்குள்ளே ஐந்தடிக்கு வேர் இருக்கும் என்பதை இத்தகைய ஆராய்ச்சிகளால் உலகம் அறிந்தது. அதன் பெரிய உறவான பெரும் நீலத்தண்டுப் புல்லின் வேர் ஏழடிக்கும் கீழே செல்லும். ஆகவே, நாம் பார்ப்பது புல்லின் சிறுபாதியே. பெரும்பாதி நம் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் இருந்து உழைக்கிறது.

புற்கடல்

வட அமெரிக்காவின் நடுவே, கனடாவின் தென்பகுதியிலிருந்து டெக்சாஸ் வரை ஒருகாலத்தில் மரங்கள் அரிதான புல்வெளி ஒன்று பரந்து கிடந்தது. அதற்குப் ‘பிரெய்ரி’ என்று பெயர். அது புல்வெளியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். மேற்கே ராக்கி மலையின் மழைமறைவில் மழை குறைவு. அங்கே குட்டைப் புற்கள் வளர்ந்தன. கிழக்கே போகப் போக மழை மிகுதி. அங்கே ஆளை மறைக்கும் நெட்டைப் புற்கள் வளர்ந்தன. இடைப்பட்ட நிலத்திலும், கிழக்கில் உள்ள வறண்ட மேடுகளிலும் நீலத்தண்டுப் புல் ஆட்சி செய்தது.

கிழக்குப் பகுதியின் நெட்டைப் புல்வெளி மட்டும் ஏறத்தாழ 17 கோடி ஏக்கர் பரப்பு இருந்தது. அதில் இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவு. மற்றவை எங்கே போயின?

அந்த மண்ணில் ஆண்டுதோறும் வேர்களில் ஒரு பகுதி மடிந்து மட்கும். புதிய வேர்கள் பிறக்கும். இப்படிப் பல்லாயிரம் ஆண்டுகள் நடந்ததால் மண் கறுத்து, ஆழ்ந்து, உலகிலேயே வளமான மண்களில் ஒன்றாயிற்று. புல் சேர்த்துவைத்த அந்தச் சொத்தே புல்லுக்குப் பகையாக முடிந்தது. முதலில் வந்த குடியேறிகளின் கலப்பையில் அந்தப் பிசுபிசுப்பான மண் ஒட்டிக்கொண்டு உழவிடவில்லை. 1837-ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்தில் ஜான் டீர் என்ற கொல்லர், பளபளவென்று தேய்த்த எஃகினால் கலப்பை செய்தார். மண் அதில் ஒட்டாமல் வழுகி விழுந்தது. 1862-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு குடியேறிக்கும் 160 ஏக்கர் நிலம் தர முன்வந்தது. தலைமுறை தலைமுறையாக அப்புல்வெளியில் வாழ்ந்த பழங்குடி மக்கள் தங்கள் நிலத்திலிருந்து துரத்தப்பட்டார்கள். கோடிக்கணக்கில் மேய்ந்த பைசன் என்னும் காட்டெருமைகள் சுட்டுக் கொல்லப்பட்டு, 1880-களின் இறுதியில் ஏறத்தாழ ஆயிரமாகக் குறைந்தன. புல்வெளி கோதுமை வயலாகவும் மக்காச்சோள வயலாகவும் மாறியது.

மேற்கே வறண்ட சமவெளியிலும் புல்லைப் புரட்டிவிட்டுக் கோதுமை விதைத்தார்கள். 1930-களில் மழை பொய்த்தது. மண்ணைப் பிடித்துக்கொள்ள வேர் இல்லை. காற்று மண்ணை அள்ளிக்கொண்டு எழுந்தது. 1934-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தப் புழுதி நெடுந்தொலைவு பறந்து நியூயார்க், வாஷிங்டன் நகரங்களின் மேலும் படிந்தது. 1935-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குப் பின் எழுந்த புழுதிச் சுவர், பகலை இரவாக்கியது. அந்நாளை அவர்கள் ‘கறுப்பு ஞாயிறு’ என்கிறார்கள். இலட்சக்கணக்கான மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள். அதே மாதத்தில் மண் பாதுகாப்புக்கென அரசு ஒரு சட்டம் இயற்றியது. ‘ஒன்றுமில்லை, புல்தான்’ என்று பிடுங்கியதற்கு ஒரு நாடு கொடுத்த விலை அது.

புல்லை நம்பி வாழ்வோர்

மண் காப்பது ஒன்றே இப்புல்லின் பணி என்று எண்ணிவிடக் கூடாது. இது ஒரு வீடு. இதில் குடியிருப்போர் பலர்.

முதலில் வண்ணத்துப்பூச்சிகளைப் பார்ப்போம். பூவில் தேன் குடிப்பதை மட்டுமே நாம் பார்க்கிறோம். ஆனால் வண்ணத்துப்பூச்சியின் குழந்தைப் பருவம் புழுப்பருவம். அந்தப் புழுவுக்கு இலைதான் உணவு. அதுவும் எந்த இலையாவது போதாது. டக்கோட்டா ஸ்கிப்பர் என்றொரு சிறிய பழுப்பு வண்ணத்துப்பூச்சி உண்டு. இறக்கையை விரித்தால் ஓர் அங்குலம் இருக்கும். அதன் புழு, நீலத்தண்டுப் புல் போன்ற ஒரு சில புல்வெளிப் புற்களையே உண்ணும். குத்தின் அடியில் பட்டு நூலால் கூடாரம் கட்டிக்கொண்டு, இரவில் வெளியே வந்து இலையை மேயும். பனிக்காலம் முழுவதும் அந்தக் குத்தின் அடியிலேயே உறங்கும். பறக்கும் பருவம் கோடையில் சில வாரங்களே. அப்போது தேன் தர அருகில் காட்டுப் பூக்களும் இருக்க வேண்டும். பழைய புல்வெளிகள் அழிந்ததால் இவ்வினம் அருகிப்போய், 2014-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அடுத்தது பாப்வொயிட் காடை. நம் ஊர்க் காடையைப் போன்ற உருவமுள்ள பறவை இது. தன் பெயரைத் தானே கூவுவதால் இப்பெயர் பெற்றது. இது சென்ற ஆண்டு காய்ந்து நிற்கும் புல்லை வளைத்து, குத்தின் அடியில் தரையிலேயே கூடு கட்டும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் கட்டைவிரல் அளவே இருக்கும். ஒரு நாளுக்குள் தாயின் பின்னே நடந்து பூச்சி தேடத் தொடங்கிவிடும். இங்கேதான் குத்துக் குத்தாக வளரும் புல்லின் அருமை தெரிகிறது. குத்துகளுக்கு இடையே சிறு சந்துகள் போல வெறுந்தரை இருக்கும். மேலே இலைகள் கூரையாக வளைந்திருக்கும். பருந்தின் கண்ணில் படாமல் குஞ்சுகள் அந்தச் சந்துகளில் ஓடலாம். பாய் விரித்தாற்போல் அடர்ந்து படரும் மேய்ச்சல் புல்லாக இருந்தால், அந்தச் சின்னக் கால்கள் அதில் நடக்கவே முடியாது.

பிரெய்ரிக் கோழி என்ற பறவை வசந்தகாலத்தில் குட்டைப் புல்லில் கூடி ஆடும். ஆனால் பெட்டை முட்டையிட மறைவான புல்லைத் தேடும். ஹென்ஸ்லோ சிட்டுக்குப் பழைய சருகு மூடிய அடர்ந்த புல் வேண்டும். வெட்டுக்கிளிச் சிட்டுக்கோ இடையிடையே வெறுந்தரை வேண்டும். குளிர்காலத்தில் உறைபனிக்கு மேலே தலை நீட்டி நிற்கும் கதிர்கள், வடக்கிலிருந்து வரும் சிட்டுகளுக்கு உணவுக் களஞ்சியம். குத்தின் அடியில் எலி விட்டுப்போன வளையில் காட்டு வண்டுத்தேனீக்கள் குடியேறும். இத்தனை பேருக்கும் அற்பப் புல்லே அன்னம் இடுகிறது.

வீடு போனால் குடியிருப்போர் என்ன ஆவர்? அமெரிக்காவிலும் கனடாவிலும் 1970-ஆம் ஆண்டுக்குப் பின் பறவைகள் எவ்வளவு குறைந்தன என்று அறிஞர் குழு ஒன்று கணக்கிட்டு 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டது. மிகுதியாக இழப்புக்கு உள்ளானவை புல்வெளிப் பறவைகளே. அவற்றில் 70 கோடிக்கு மேல், அதாவது பாதிக்கு மேல், மறைந்துவிட்டன. காட்டை வெட்டினால் கோடரிச் சத்தம் ஊருக்குக் கேட்கும். புல்லை உழுதால் யாருக்கும் கேட்பதில்லை.

வளர்க்கும் முறை

இழந்ததை மீண்டும் வளர்க்கலாமா? இக்கேள்வியை 1930-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் கேட்டார்கள். மேடிசன் நகரத்தில் கைவிடப்பட்ட பண்ணை நிலத்தில், எஞ்சியிருந்த புல்வெளிகளிலிருந்து கொண்டுவந்த புல்லையும் பூச்செடிகளையும் நட்டார்கள். இன்று கர்டிஸ் பிரெய்ரி என்று அழைக்கப்படும் அந்த நிலம், மனிதர் மீட்டுருவாக்கிய புல்வெளிகளுள் உலகிலேயே மூத்ததாகக் கருதப்படுகிறது. இப்போது அந்நாட்டில் பள்ளித் தோட்டங்களிலும் சாலையோரங்களிலும் வீட்டு முற்றங்களிலும் நீலத்தண்டுப் புல்லை வளர்க்கிறார்கள். அம்முறையைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவது, இடம். நாள் முழுதும் வெயில் படும், நீர் தேங்காத இடமாக வேண்டும். மணல் கலந்த ஏழை மண்ணே இதற்கு உகந்தது. வளமான மண்ணில் உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும். உரம் இடவே கூடாது. உரம் களைகளுக்கே விருந்தாகும்.

இரண்டாவது, விதை. தொலைதூர விதையைவிட அந்தந்த வட்டாரத்து விதையே சிறந்தது. அது அவ்விடத்துக் குளிருக்கும் மழைக்கும் பழகியது. விதைக்கும் முன் சில வாரங்கள் ஈர மணலில் கலந்து குளிரில் வைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். குளிர்காலத் தொடக்கத்திலேயே விதைத்துவிட்டால் அந்த வேலையைப் பனியே செய்துவிடும்.

மூன்றாவது, விதைப்பு. களைகளை முன்கூட்டியே ஒழித்துவிட வேண்டும். மே, ஜூன் மாதங்களில் மண் சூடேறியதும் விதைப்பார்கள். விதை பஞ்சு போல் இருப்பதால் மணலோடு கலந்து தூவுவார்கள். கால் அங்குலத்துக்குக் கீழே புதைக்கக் கூடாது. தூவியபின் மண்ணை உருளையாலோ காலாலோ அழுத்திவிட வேண்டும்.

நான்காவது, பொறுமை. இதுதான் கடினமானது. முதல் ஆண்டில் நூல் போன்ற இலைகளே தெரியும். செடி தன் வலிமையை எல்லாம் வேருக்கே செலவிடும். பார்ப்பவர்கள் “தோற்றுவிட்டது” என்று சொல்லி உழுதுவிடுவதும் உண்டு. களைகள் முழங்கால் உயரம் வந்ததும் அரையடி உயரத்தில் வெட்டிவிட்டால், கீழே இளம்புல்லுக்கு வெயில் கிடைக்கும். அந்நாட்டில் இதைப் பற்றி ஒரு வழக்கு மொழி உண்டு: முதல் ஆண்டில் உறங்கும், இரண்டாம் ஆண்டில் ஊரும், மூன்றாம் ஆண்டில் ஓங்கும்.

ஐந்தாவது, துணை. புல் காற்றினால் மகரந்தம் பரப்புவது. அதில் தேன் கிடையாது. ஆகவே அம்மண்ணுக்கே உரிய பூச்செடிகளையும் அதனிடையே கலந்து நட வேண்டும். அப்போதுதான் புழுவுக்கு இலையும், வளர்ந்த வண்ணத்துப்பூச்சிக்குத் தேனும் ஓரிடத்தில் கிடைக்கும்.

ஆறாவது, அறுப்பு. இலையுதிர்காலத்தில் காய்ந்துவிட்டதே என்று அறுக்கக் கூடாது. குளிர்காலம் முடியும்வரை அது உணவும் போர்வையுமாக இருக்கிறது. புதுத் தளிர் வருமுன் வெட்டலாம். ஆனால் ஒரே ஆண்டில் முழுவதையும் வெட்டாமல், ஒரு பகுதியை விட்டுவைக்க வேண்டும்.

பெரிய புல்வெளிகளில் பயிற்சி பெற்றவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தீயிடுவார்கள். இது எங்களுக்கு வியப்பாக இருந்தது. தீயில் மேல்புல் எரியும். மண்ணை ஒட்டியுள்ள குருத்தும் கீழே உள்ள வேரும் பிழைத்திருக்கும். நிழல் பரப்ப வந்த மரக்கன்றுகளே மடியும். பழங்குடி மக்கள் காட்டெருமைக்குப் புதுத் தளிர் வேண்டி இப்படியே தீயிட்டார்கள். அவர்களுடைய அறிவைப் பின்னால் வந்தவர்கள் பல காலம் கழித்தே ஒப்புக்கொண்டார்கள். அங்கேயும் ஒரே நாளில் எல்லா இடத்தையும் எரிப்பதில்லை. எரிந்தால் புழுக்களும் பூச்சிகளும் அடியோடு அழிந்துவிடும்.

அந்தந்த மண்ணுக்கு அந்தந்தப் புல்

இதைப் படிக்கும் தோழியர் யாரேனும் விதையை வரவழைத்து நம் ஊரில் விதைக்க எண்ணலாம். வேண்டாம்! அதற்கும் ஒரு பாடம் உண்டு. மாட்டுத் தீவனத்துக்காகவும் மண் அரிப்பைத் தடுக்கவும் ஆசியாவிலிருந்து சில புற்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். நம் இந்தியாவில் இயல்பாக வளரும் புல்லும் அவற்றில் உண்டு. அவை டெக்சாஸ் முதலிய இடங்களில் அடங்காமல் பரவி, அவ்விடத்துப் புற்களை நெருக்கிவிட்டன. அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே வந்த சீமைக் கருவேலம் நம் கண்மாய்களை என்ன செய்தது என்பதை நாம் அறிவோம். தன் மண்ணில் தாயாக இருப்பது, அயல் மண்ணில் மாற்றாந்தாய் ஆகிவிடுகிறது.

நமக்கென்று உள்ளதைக் காப்பதே நம் கடமை. நீலகிரியின் உச்சியில் சோலைகளுக்கு இடையே விரிந்த புல்வெளிகளில் வளரும் குத்துப் புற்களில் பல, நீலத்தண்டுப் புல்லின் கிளையைச் சேர்ந்தவையே. அவற்றையும் ‘வெற்று நிலம்’ என்று நினைத்து, 19-ஆம் நூற்றாண்டு முதல் சீகை மரமும் தைல மரமும் நட்டார்கள். நம் மாநில விலங்கான வரையாடு அந்தப் புல்லை மேய்ந்தே வாழ்கிறது. நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவை அந்தப் புல்லிலேயே கூடு கட்டுகிறது. மரம் நடுவது நல்லதுதான். ஆனால் புல் நிற்க வேண்டிய இடத்தில் மரம் நடுவதும் ஒருவகை அழிவே என்று நாங்கள் இப்போதுதான் அறிந்தோம்.

கெபியின் பின்புறம்

கட்டுரையை வகுப்பில் படித்த அன்று ஒரு வேண்டுகோளோடு தலைமைச் சகோதரியிடம் போனோம். பள்ளியில் ஒரு சிறு மூலையை மட்டும் பிடுங்காமல் விட்டுவைக்க வேண்டும் என்று கேட்டோம். சகோதரி உடனே இசையவில்லை. செப்டம்பர் 8-ஆம் நாள் மாதா திருநாளுக்கு வருவோர் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார்கள். பெற்றோர் சிலரும், பாம்பு அடையுமே என்று அஞ்சினார்கள். அவை இரண்டும் நியாயமான கேள்விகளே. கடைசியில் பிள்ளைகள் நடமாட்டம் இல்லாத இடமாக, கெபியின் பின்புறம் மதில் ஓரத்தில் பத்தடிச் சதுரம் எங்களுக்குக் கிடைத்தது. அதைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் செதுக்கிப் பாதையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. ஆண்டு விழா வரை பார்ப்போம் என்றார்கள்.

ஐப்பசி மழையில் புல் இடுப்பளவு வளர்ந்தது. கார்த்திகையில் கதிர் விட்டது. தை மாதத்து ஒரு காலையில், காய்ந்த கதிர் ஒன்று காற்றில்லாமலே வளைவதைக் கண்டோம். அதன்மேல் புள்ளிச் சில்லை ஒன்று உட்கார்ந்து விதையை உருவித் தின்றுகொண்டிருந்தது. சற்று நேரத்தில் இன்னும் ஐந்தாறு வந்தன. சிஸ்டரை அழைத்துவந்து காட்டினோம். சிஸ்டர் ஒன்றும் பேசாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு, “என்னம்மா இருக்கிறது அங்கே?” என்று கேட்டார்கள். “புல் இருக்கிறது சிஸ்டர்” என்றோம்.

இம்முறை ‘ஒன்றுமில்லை’ என்ற சொல் எங்கள் வாயில் வரவில்லை. அந்த மூலையில் நிற்கும் புற்கள் நான்கு வகை. இரண்டின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டோம். மற்ற இரண்டின் பெயரை அறிந்துகொள்ளும் வேலையை, அடுத்த ஆண்டு எங்கள் வகுப்புக்கு வரவிருக்கும் தங்கையரிடம் ஒப்படைக்கிறோம். பிடுங்குவதற்கு முன் பெயரைக் கேளுங்கள், தங்கைகளே!

— தாவரவியல் பிரிவு மாணவியர், பதினோராம் வகுப்பு